பாசியியல் வல்லார் பார்த்தசாரதி ஐயங்கார்

சாந்தோமுக்குத் தெற்கே அடையாறு நகரக் கழிவையும் சுமந்துகொண்டு கடலிற் கலக்கின்றது. அக்கரையில் ஒதுங்கும் பச்சைப் பாசியை மிதித்து நடப்பவர் பலர். குனிந்து நோக்குவோர் சிலர். பாசியை நோக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட சென்னைப் பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவர்தாம் ம. ஓ. பார்த்தசாரதி ஐயங்கார்.

இவர் 1886ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். மாநிலக் கல்லூரியிற் கற்றுப் பின்னர் அங்கேயே தாவரநூல் ஆசிரியரானார். பூத்துக் காய்க்கும் செடிகொடிகளை ஆராய்வார் அந்நாளிற் பலர் இருந்தனர். குளத்து நீரையும் பாறை வழுக்கலையும் பொருட்படுத்துவார் அரியர். ஐயங்கார் அவற்றையே தேர்ந்துகொண்டார்.

பாம்பனுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு உளது. அங்கு வளரும் கடற்பாசிகளைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை, சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் 1927இல் வந்தது. இன்ன கரையில் இன்ன பாசி உண்டு என எழுதி வைப்பதனால் ஆகும் பயன் யாது என மாணவர் வினவலாம். கடற்பாசி பாறையைப் பற்றிக்கொண்டு ஓரிடத்திலேயே நிற்பது. உடல் முழுவதாலும் கடல்நீரில் உள்ளவற்றை ஏற்பது. நீரிற் செம்பு முதலிய உலோகங்கள் மிகுமாயின், அந்நஞ்சைத் தாங்கும் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் அதனுள் விரைந்து தொழிற்படும். ஐரோப்பியக் கரைகளில் வளரும் ஃபூக்கஸ் என்னும் பழுப்புப் பாசியில் இத்தகைய மரபணு ஒன்றை அறிஞர் 1999இல் விளக்கிக் காட்டினர். பாசி வாடுமுன்னரே அதன் மரபணுவின் செயலை அளந்து நீர் கெட்டதை உணரலாம் என்பது இவ்வாராய்ச்சியின் நோக்கம். பாசி என்றாலே வழுக்கல் என்று அஞ்சும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும். ஆயின் எல்லாப் பாசியும் ஒருபடித்தாக நஞ்சை எதிர்கொள்வதில்லை. ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளின் அளவை முழுதும் பிழைபடும். ஆதலின் பாசியின் இனம் அறிதல் முதல் வேலை ஆயிற்று. அதனைத் தமிழகக் கரையில் முன்னின்று செய்தவர் ஐயங்கார்.

இவர் இலண்டன் சென்று ஃபிரிட்ச் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். ஈரமண்ணில் வளரும் புதுப் பாசியொன்றை 1932இல் உலகிற்கு அறிவித்து, ஆசிரியர் பெயரால் ஃபிரிட்சியெல்லா என வழங்கினார். மண்ணுக்குள்ளும் மேலும் கிளைக்கும் அச்சிற்றுயிர், நீர்வாழ் பாசி நிலமேறிய வகையை உய்த்துணர்வார்க்குத் துணையாயிற்று. பல்கலைக்கழகத் தாவர ஆய்வகத்தின் தலைவராகவும் இவர் விளங்கினார்.

இவர் 1963இல் மறைந்தார். வால்வாக்கேல்ஸ் என்னும் நன்னீர்ப் பாசி வரிசையைப் பற்றி இவரும் இவர்தம் மாணாக்கர் டி. வி. தேசிகாச்சாரியும் இயற்றிய பெருநூல், 18 ஆண்டுகள் கழித்து 1981இல் அச்சேறியது.