ஸாஹிரா அதிபர் மர்ஹூம் டி.பி. ஜாயா

கண்டி மாவட்டத்துக் கலகெதரையில் 1890இல் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்த மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்களை அமைச்சராகவே பலர் அறிவர். நாமோ ஆசிரியராகவே முதலில் நினைவுகூருகிறோம். பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் கற்பித்துவந்த அவர்கள், 1921இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார்கள். மாணவர் தொகை குறைந்திருந்த அப்பாடசாலையை 27 ஆண்டுகள் கட்டிவளர்த்தார்கள். அதிபராக இருந்தபடியே அரசாங்க சபையிலும் அமர்ந்தார்கள்.

முஸ்லிம்களுக்கு அரசியற் பாதுகாப்புகள் கோரி நெடுங்காலம் வாதாடிய அவர்கள், 1945 நவம்பரில் சோல்பரி யோசனைகள் சபைக்கு வந்தபோது, நாட்டின் விடுதலையை முன்னிறுத்தி ஆதரித்து வாக்களித்தார்கள். தம் சமூகத்தாரிடம் அதனை விளக்குவது எளிதாயிராது. ஆனந்தாவில் பழகிய அனுபவம் அவர்களுக்குத் துணிவளித்திருக்கும் என்பது நமது எண்ணம்.

பின்னர் தொழில், சமூக சேவை அமைச்சராகவும், பாகிஸ்தானில் உயர்ஸ்தானிகராகவும் பணிபுரிந்தார்கள். 1960இல் ஹஜ் பயணத்தின்போது மதீனாவில் வபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.