சமரசம் பாடிய முன்சீப்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றியவர் வேதநாயகம் பிள்ளை. சீகாழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக விளங்கிய அவர், சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு ஆழ்ந்த நட்புப் பூண்டார். திருநீறணிந்த அப்புலவர், இக்கிறித்தவரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரின் பெருமையை வேதநாயகரும் உளமுவந்து பாடினார். தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். 1878-இல் எச்சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனையை வழங்கினார்.

ஆயினும் தம் சமயத்தை அவர் நெகிழவிட்டவரல்லர்; தேவமாதா அந்தாதியும் அவர் பாடியதே. தம் நெறியில் ஊன்றி நின்றமையாலேயே பிறர் நெறியின்முன் அச்சமின்றிப் பணிய அவரால் இயன்றது. 1889-இல் அவர் மறைந்தார். அப்பணிவு தமிழில் நிலைத்தது.