ஒருவரும் தங்காத ஆசிரமம்: காவிரிக் கரையில் காத்திருந்த பிரெஞ்சு சாமியார்

வில்லியனூர், செல்லிப்பட்டு, பாகூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு பிரெஞ்சு சாமியார்னா புதுசு இல்லை. வில்லியனூர் லூர்து மாதா கோயிலைக் கட்டினது அவங்கதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பாரிஸ் மிஷன் சபை சாமியார்கள் புதுச்சேரியை மையமா வெச்சு சுத்துவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் போய் வந்தாங்க. தாத்தா பாட்டி சொன்ன கதைகளில் தாடி வெச்ச ஒரு வெள்ளைக்கார சாமியாராவது வருவார்.

ஆனா, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்திலேயே, அந்தக் கொடியின் நிழல் வேண்டாம்னு சொல்லி வேற வழியா தமிழ்நாட்டுக்கு வந்த ஒரு பிரெஞ்சு சாமியார் உண்டு. பெயர் ஜூல் மோன்ஷனன். கரூர் மாவட்டம் குளித்தலை பக்கத்தில் தண்ணீர்பள்ளி என்ற ஊரில், காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இன்னைக்கு எந்த நாட்டுக்காரரும் எந்த மதத்துக்காரரும் வந்து தங்கி ஜெபம் செய்யும் இடம் அது. அவர் உயிரோடு இருந்த வரைக்கும் அங்கே நிரந்தரமாத் தங்க ஒருவர்கூட வரலை.

யார் இந்த மோன்ஷனன்?

1895 ஏப்ரல் 10-ல் பிரான்சின் லியோன் நகரத்துக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஃப்ளூரி என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. உடம்பு எப்பவும் ஒத்துழைக்காது, படிப்பு மட்டும் அபாரம். 1922-ல் குருப்பட்டம். இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், பாதியிலேயே அதை விட்டுவிட்டு ஏழைகள் இருக்கும் பங்கு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். கிடைத்தது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த லா ரிக்காமரி.

பிரான்சின் கத்தோலிக்க அறிவுலகம் அவரைக் கொண்டாடியது. பின்னாளில் கர்தினாலான ஆன்றி தெ லுபாக் அவருக்கு நெருங்கிய நண்பர். பேச்சில் அசத்துவார், எழுதுறதுன்னா சோம்பல். இதுதான் அவரோட கதையில் ஒரு சிக்கல். பெரிய நூல் எதையும் விட்டுப் போகாததால், அவரை அறிந்துகொள்ள கடிதங்களையும் சிறு கட்டுரைகளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

1932-ல் சாவின் விளிம்பு வரை கொண்டுபோன ஒரு நோய் வந்தது. பிழைச்சு எழுந்தா மிச்ச வாழ்க்கை இந்தியாவுக்குன்னு நேர்ந்துகொண்டார். நம்ம ஊரில் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிற மாதிரி. பிழைத்தார். ஆனா கிளம்ப ஏழு வருஷம் ஆச்சு.

ஏன் புதுச்சேரிக்கு வரவில்லை?

பிரெஞ்சுக்காரருக்கு இந்தியான்னா அன்றைக்கு முதலில் ஞாபகம் வருவது பாண்டிச்சேரிதான். பாஷை பிரச்சினை இல்லை, சாப்பாடு பிரச்சினை இல்லை, அரசாங்கமே சொந்த அரசாங்கம். மோன்ஷனன் சேர்ந்ததோ பெல்ஜியத்தில் இருந்த ஒரு குருக்கள் சங்கத்தில். அந்தச் சங்கத்தின் அடிப்படை எளிமையானது: போகிற நாட்டில் அந்த நாட்டுக்கார பிஷப்புக்குக் கீழே, அவர் சொல்கிற வேலையைச் செய்யணும். வெள்ளைக்காரர் மேலே, உள்ளூர்க்காரர் கீழே என்றிருந்த காலத்தில் இது தலைகீழ் ஏற்பாடு.

திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்துக்கு அப்போதுதான் ஜேம்ஸ் மென்டொன்சா என்ற இந்தியர் பிஷப் ஆகியிருந்தார். 1939 மே மாதம் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறி அவரிடம் வந்து சேர்ந்தார் மோன்ஷனன். வயசு 44. அதுக்கு மேலதான் தமிழ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அடுத்த பத்து வருஷம் திருச்சியைச் சுற்றிய கிராமப் பங்குகளில் வேலை. பூசை, பாவசங்கீர்த்தனம், நோயாளியைப் பார்க்கப் போவது, வெயில், ஆஸ்துமா. லியோனில் இவரோட பேச்சைக் கேட்கக் கூடியவங்க யாரும் அங்கே இல்லை. தத்துவம் பேச ஆள் இல்லாத அந்தப் பத்து வருஷத் தனிமையை அவர் முறையிடாமல் கடந்தார் என்பதுதான் அவரைப் பற்றி எனக்கு முதலில் மரியாதை வரவழைத்த விஷயம்.

மனசுக்குள்ளே வேறொரு திட்டம் இருந்தது. இந்தியாவில் கிறிஸ்தவம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியிருக்கு. ஜெபத்துக்கு மட்டும்னு, இந்த மண்ணின் துறவிகள் வாழ்கிற மாதிரியே வாழுற ஒரு சின்ன வீடு வேணும். மதுரையில் 1606 முதல் காவி கட்டி வாழ்ந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி உங்களுக்கு ஞாபகம் வரலாம். ஆனால் நொபிலியின் நோக்கம் உயர்சாதியாரை மதம் மாற்றுவது. மோன்ஷனனின் ஆசையில் அந்தக் கணக்கு இல்லை. கடவுள் முன்னால் உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான்.

ஒரு கடிதம், ஒரு மாந்தோப்பு

1947-ல் பிஷப் மென்டொன்சாவுக்கு பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பிரிட்டனி பகுதியில் கெர்கோனான் மடத்தில் இருந்த பெனடிக்ட் சபைத் துறவி, ஆன்றி லெ சோ. இந்தியாவில் தவ வாழ்க்கை வாழ ஆசை, இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கடிதம் மோன்ஷனன் கைக்குப் போனது. இத்தனை வருஷம் அவர் தேடிய ஆள், பழகாத ஒரு ஊரிலிருந்து தானே எழுதியிருக்கிறார். 1948 ஆகஸ்டில் லெ சோ வந்து சேர்ந்தார்.

1949 ஜனவரியில் இரண்டு பேரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்த்தார்கள். அந்தப் பயணம் லெ சோவை ஆட்டி வைத்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாள். தண்ணீர்பள்ளியில் காவிரிக் கரை மாந்தோப்பில் குடிசைகள் போட்டு ஆசிரமம் தொடங்கியது. செல்லிப்பட்டுக்காரர்கள் சங்கராபரணிக் கரையை நினைத்துக்கொண்டால் போதும். தோப்பு, மணல், மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வெறும் மணற்படுகை. அப்படி ஒரு இடம்.

ஆசிரமத்துக்கு சச்சிதானந்தம் என்று பெயர். சத், சித், ஆனந்தம் என்ற மூன்றையும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவொரு கடவுளுக்கு நேராக வைத்துப் பார்த்தார்கள். மோன்ஷனன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பரம அரூபி ஆனந்தம். உருவமில்லாத பரம்பொருளின் ஆனந்தம், அதாவது பரிசுத்த ஆவி. லெ சோ, அபிஷிக்தானந்தர் ஆனார். ஊர்க்காரங்க வாயில் நின்றது சாந்திவனம்.

காவி வேட்டி, செருப்பில்லாத கால், சைவச் சாப்பாடு, தரையில் பாய். ஜெபத்தில் லத்தீனோடு சமஸ்கிருதமும் தமிழும். கருவறை மாதிரி சிறிய ஆலயம். இன்னைக்கு இதெல்லாம் சாதாரணமாத் தெரியலாம். அன்றைக்கு ரோமன் முறைப் பூசை பொதுவா லத்தீனில்தான், சாமியார் மக்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். குளித்தலைப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கே இந்த இரண்டு காவிச் சாமியார்களை எந்தக் கணக்கில் சேர்ப்பதுன்னு புரியாத காலம். பிஷப் மென்டொன்சா துணையாக நின்றதால்தான் இது நடந்தது.

யாரும் ஏன் தங்கவில்லை?

வந்தார்கள். பார்த்தார்கள், சிலர் கொஞ்ச நாள் இருந்தும் பார்த்தார்கள், போய்விட்டார்கள். துறவியாகச் சேர்ந்து நிலைத்த இந்தியர் ஒருவரும் இல்லை. காரணம் தேடினால் நிறைய கிடைக்கும். வாழ்க்கை மிகக் கடினம். குருமடத்துக்குப் போனால் சமூகத்தில் மரியாதை, குடும்பத்துக்குப் பெருமை. இங்கே வந்தால் ஒரு குடிசையும் மௌனமும். இன்னொன்றையும் சொல்லணும். தமிழ்க் கத்தோலிக்கர்களில் கணிசமானோர் தலித் மக்கள். சாதி ஆசாரத்திலிருந்து விலகி வந்தவர்களுக்கு சமஸ்கிருதமும் காவியும் எதற்கு என்ற கேள்வியைப் பின்னாளில் தலித் கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் கடுமையாகவே எழுப்பினார்கள். அது நியாயமான கேள்வி. மோன்ஷனனிடம் அதற்கு முழுப் பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாகத்திலும் அவர் பூஜ்யம். வீடு கட்டுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் லெ சோ தலையில். லெ சோவுக்கு இது எரிச்சல்.

ஆனா இரண்டு பேருக்கும் நடுவே விழுந்த பெரிய இடைவெளி அதுவல்ல. 1952-லிருந்து லெ சோ அடிக்கடி திருவண்ணாமலைக்குப் போய் மலைக் குகைகளில் தங்கினார். 1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்த சுவாமிகளைச் சந்தித்து அவரைக் குருவாக ஏற்றார். அத்வைத அனுபவத்துக்குள் முதலில் முழுசா இறங்கணும், விளக்கம் பிறகு வரட்டும் என்பது அவர் வழி. மோன்ஷனன் அந்தக் கரையிலேயே நின்றார். கடவுளுக்குள்ளேயே அன்பு இருக்கு, அன்புக்கு நீயும் நானும் வேணும், இரண்டாவது ஆளே இல்லைன்னா அன்பு எங்கேன்னு அவர் யோசனை. வருஷம் போகப் போக, இந்து ஞான மரபுக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் நடுவே தான் நினைத்ததைவிட ஆழமான பள்ளம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

யோசித்துப் பாருங்க. ஒரு ஆசிரமம், இரண்டே பேர், அதிலும் ஒருவர் பாதி நாள் மலையில். மற்றவர் ஆற்றங்கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்று, போகிறவர்களை வழியனுப்புகிறார். பத்துப் பேர் சேரலைன்னா திட்டத்தை மாத்துறது, இடத்தை மாத்துறதுன்னு நாமெல்லாம் யோசிப்போம். அவர் மாற்றவில்லை, தோற்றுவிட்டோமோ என்ற சந்தேகம் இருந்தும்கூட.

1957-ல் உடம்பு மிக மோசமானது. சிகிச்சைக்காக பாரிஸ் கொண்டுபோனார்கள். புற்றுநோய். அக்டோபர் 10-ம் தேதி அங்கேயே இறந்தார். வயசு 62.

அதற்குப் பிறகு என்ன நடந்தது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. தாய்மொழியில் பூசை வந்தது. மற்ற மதங்களில் இருக்கும் உண்மையான, புனிதமான எதையும் திருச்சபை தள்ளிவிடாது என்று அதிகாரப்பூர்வமாகச் சொன்னது. 1969 ஏப்ரலில், இந்தியாவில் பூசையின்போது தரையில் உட்காரலாம், கை கூப்பலாம், ஆரத்தி எடுக்கலாம் என்பது உள்ளிட்ட 12 அம்சங்களுக்கு ரோம் அனுமதி கொடுத்தது. நாடு முழுக்க இந்த வேலையை முன்னெடுத்தவர் டி.எஸ்.அமலோர்பவதாஸ். அவர் நம்ம புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக் குரு என்பது இங்கே பலருக்கு மறந்துபோன சங்கதி. தண்ணீர்பள்ளிக் குடிசையில் இரண்டு பேர் செய்து பார்த்தது, இருபது வருஷத்தில் பங்குக் கோயிலுக்கு வந்துவிட்டது.

1968-ல் லெ சோ சாந்திவனத்தை ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் உத்தரகாசிக்குப் போனார். 1973-ல் இந்தூரில் காலமானார். ஆசிரமத்தை ஏற்றவர் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ். அவர் காலத்தில்தான் இந்திய இளைஞர்கள் சேர்ந்து தங்கினார்கள், வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

எதிர்ப்பும் சேர்ந்தே வந்தது. இது மாறுவேடம் போட்ட மதமாற்றம் என்று இந்துத் தரப்பில் சிலர் எழுதினார்கள். சீதா ராம் கோயல் 1988-ல் ஒரு புத்தகமே போட்டார். அந்தப் பக்கம், இது கத்தோலிக்கமே இல்லை என்று கத்தோலிக்கரில் சிலர்.

சாந்திவனத்தில் ஒரு நாள் மூன்று வேளை ஜெபத்தைச் சுற்றி ஓடுகிறது. காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. விவிலியத்தோடு உபநிஷத வாசகங்களும் தமிழ்ப் பாடல்களும் உண்டு. பொழுது விடியும்போதும் சாயும்போதும் ஆற்றங்கரையில் தியானம். சாப்பாடு தரையில் உட்கார்ந்து, கையால். யார் நீ, என்ன மதம் என்று கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை.

பீட் கிரிபித்ஸ் 1993 மே 13-ல் சாந்திவனத்திலேயே இறந்து அங்கேயே அடக்கமானார். இடத்தைத் தொடங்கிய மோன்ஷனன் பிரான்ஸ் மண்ணில் கிடக்கிறார்.