மைசூர் சர்க்கார் சீமைக்கு அனுப்பிய கைலாசம்

கர்நாடகத்தில் டி.பி. கைலாசம் பெயரைக் கேள்விப்படாத படித்தவர் இருக்க மாட்டார். கன்னடத்துக்கு ஒரே ஒரு கைலாசம்தான் என்று இன்றும் இங்கே சொல்வார்கள். அவர் நம்மவர், அகத்தில் தமிழ் பேசி வளர்ந்தவர் என்பது வெளியூர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இன்னொரு செய்தியும் உண்டு. இந்த நாடக மேதை நாடகம் படிக்கச் சீமைக்குப் போனவர் அல்லர். கல்லையும் தாதுவையும் ஆராயும் நிலவியல் படிப்பதற்காக மைசூர் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்து அவரை லண்டனுக்கு அனுப்பியது.

அவருடைய வாழ்க்கையை இந்தப் பணக் கணக்கின் வழியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன். படிப்பு விடுப்பு, அதற்கான பத்திரம், திரும்பி வராதவர்களிடம் வசூல் என்று எத்தனையோ ஃபைல்கள் என் மேஜையைக் கடந்து போயின. ஓய்வு பெற்று மைசூருவில் உட்கார்ந்த பிறகும் புத்தி அந்த வழியிலேயேதான் போகிறது.

கைலாசம் 1884ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி மைசூரில் பிறந்தார். முதல் எழுத்து தியாகராஜன் என்ற குடும்பப் பெயர், இரண்டாவது தகப்பனார் பரமசிவ ஐயர். பரமசிவ ஐயர் மைசூர் சமஸ்தானத்தின் சீஃப் கோர்ட் நீதிபதியாக இருந்தவர். அவருடைய சகோதரர் சர் டி. சதாசிவ ஐயர் சென்னை ஹைகோர்ட் நீதிபதி. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளை வக்கீல் ஆவதுதான் வழக்கம். இங்கே பிள்ளை நிலவியல் பக்கம் போனதற்குத் தகப்பனாரின் ஈடுபாடும் காரணமாக இருந்திருக்கலாம். ரிக் வேத மந்திரங்களில் பூமியின் பழைய மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன என்று 1911இல் ஓர் ஆங்கிலப் புத்தகமே எழுதியவர் பரமசிவ ஐயர். பிறகு 1940இல், ராவணனின் லங்கை இப்போதைய இலங்கை அல்ல, ஜபல்பூர்ப் பக்கம் இருந்தது என்று இன்னொரு புத்தகம் எழுதினார். அந்த முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் ஊரோடு ஒத்துப் போகாமல் தன் வழியில் போகும் குணம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

கைலாசம் சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் நிலவியல் படித்துத் தேறினார். மைசூர் சமஸ்தானத்துக்கு அப்போது நிலவியல் என்பது வெறும் படிப்பு அல்ல, வருமானம். கோலாரில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுத்து வந்தது. அதில் கிடைத்த ராயல்டி சமஸ்தானத்தின் வரவில் முக்கியமான ஒன்று. அந்தச் சுரங்கங்களுக்காகத்தான் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து 1902இல் கம்பி இழுத்தார்கள். நிலவியல் இலாகாவும் 1894இலேயே ஏற்பட்டுவிட்டது. ஆனால் அதன் தலைமையில் ஸ்மீத் என்ற வெள்ளைக்காரர். நம் ஊர்ப் பிள்ளைகளை அனுப்பிப் படிக்க வைத்தால் நாளை இந்த இலாகாவை நாமே நடத்தலாம் என்று ஒரு சமஸ்தானம் நினைத்தால் அது நியாயமான யோசனைதான். கைலாசம் 1909இல் கப்பல் ஏறினார். விஸ்வேஸ்வரய்யா மைசூருக்குத் தலைமை என்ஜினியராக வந்து சேர்ந்ததும் அதே வருஷம்தான்.

அக்காலத்தில் ஒரு பையனை லண்டனில் படிக்க வைக்க என்ன ஆகும் என்பதற்கு நம் கணித மேதை ராமானுஜன் கணக்கு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. கைலாசம் லண்டனில் இருந்தபோதே, 1914 ஏப்ரலில், ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருஷத்துக்கு 250 பவுன் கொடுத்தது. கப்பல் கட்டணமும் துணிமணிச் செலவும் தனி. அதிலும் ஐம்பது பவுன் கும்பகோணத்துக்கு, வீட்டுச் செலவுக்குப் போக ஏற்பாடு. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய விகிதத்தில் 250 பவுன் 3,750 ரூபாய், அதாவது மாதம் 312 ரூபாய் எட்டணா. போர்ட் டிரஸ்ட்டில் அவர் வாங்கிய சம்பளம் மாதம் முப்பது ரூபாய்!

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு ஒன்று சொல்கிறேன். அன்று ஒரு பவுன் என்பது நிஜமாகவே ஒரு பவுன் தங்கக் காசு, எட்டு கிராம் எடை. 250 பவுன் என்றால் இரண்டு கிலோ ஆபரணத் தங்கம். ஒவ்வொரு வருஷத்துக்கும்! இன்றைய நகைக் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். பேப்பர் பவுன் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது என்று நாம் அங்கலாய்க்கிறோம். தங்கத்தில் கணக்குப் பார்த்தால் அன்றைய படிப்பு இன்றையதைவிடப் பல மடங்கு கனம். சர்க்கார், பல்கலைக்கழகம், மகாராஜா, தர்ம ஸ்தாபனம், மாமனார் இவர்களில் ஒருவர் கை கொடுக்காமல் மத்தியதரக் குடும்பத்துப் பையன் கடல் கடக்க முடியாது. மருத்துவ விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ் 1922இல் அமெரிக்கா போனபோது மாமனாரும் ஒரு தர்ம ஸ்தாபனமும் சேர்ந்துதான் பணம் புரட்டினார்கள். அங்கே போன பிறகும் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து வயிற்றைக் கழுவினார்.

கைலாசம் லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஸயன்ஸில் படித்தார். தென் கென்ஸிங்டனில் உள்ள இந்தக் கல்லூரி 1907இல்தான் இம்பீரியல் காலேஜின் ஓர் அங்கமாகியிருந்தது. பகலில் பாறை, நுண்ணோக்கி, வரைபடம். மாலையில்? அங்கேதான் மைசூர் சர்க்காரின் திட்டம் வேறு பாதையில் திரும்பியது. லண்டன் நாடகக் கொட்டகைகளுக்கு அது பொற்காலம். இப்ஸனின் தாக்கத்தில் குடும்பத்தையும் சமூகத்தையும் கேள்வி கேட்கும் நாடகங்கள் மேடை ஏறிக்கொண்டிருந்தன. பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் 1914இல் லண்டனுக்கு வந்தது. இன்னொரு பக்கம் மியூசிக் ஹால் பாட்டும் கேலியும். மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஒரு ஷில்லிங், அதாவது நம் கணக்கில் பன்னிரண்டணா. கைலாசம் ஊர் திரும்பியது 1915இல். இந்த ஆறு வருஷங்களில் அவர் பார்த்த நாடகங்கள்தான் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்த முதலீடு. யுத்த காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பாடிக்கொண்டு போன டிப்பரேரிப் பாட்டை அவர் திப்பாரஹள்ளி என்ற கிராமத்துப் பாட்டாகக் கன்னடத்தில் மாற்றியது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்ததும் நிலவியல் இலாகாவில் உத்தியோகம் காத்திருந்தது. சேர்ந்தார், சில வருஷங்கள் வேலை பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். பென்ஷனோடு கூடிய, தகப்பனார் மனசு குளிரக்கூடிய, சமஸ்தானம் தங்கத்தைக் கொட்டித் தயார் செய்த உத்தியோகம். அதை உதறிவிட்டு நாடகம் என்று இறங்கினார். அன்றைய சமூகத்தில் நாடகக்காரனுக்கு என்ன மரியாதை இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நீதிபதிக்கு, அதுவும் எல்லோருக்கும் தீர்ப்பு எழுதியவருக்கு, அந்த நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆபீஸ் பார்வையில் பார்த்தால் இது தெளிவான நஷ்டக் கேஸ். மத்திய சர்க்கார் விதிகளின்படி, படிப்பு விடுப்பில் போகிறவர் திரும்பி வந்து மூன்று வருஷம் பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இல்லையேல் வாங்கிய பணத்தை வட்டியோடு கட்ட வேண்டும். அந்தப் பத்திரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அது பொதுஜனங்களின் பணம். கோலார்ச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வியர்வை சிந்தியவர்கள், அவர்களில் நம் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் ஏராளம், அவர்கள் உழைப்பில் வந்த ராயல்டி அது. மேதை என்பதற்காக இந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய என் கை வராது. அந்த இடத்தில் இன்னொரு பையன் போயிருக்கலாம், வந்து இருபது வருஷம் பாறை தட்டியிருக்கலாம்.

ஆனால் கணக்கை அதோடு மூடவும் முடியவில்லை. ஏனென்றால் அந்த உபகாரச் சம்பளத்துக்கு மைசூருக்கு வேறு உருவத்தில் வரவு வந்தது. அதுவரை கன்னட மேடையில் ராஜாக்களும் தேவர்களும் இலக்கண சுத்தமான பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கைலாசம் 1918 வாக்கில் டொள்ளு கட்டி என்ற நாடகத்தோடு வந்தார். டொள்ளு என்றால் உள்ளே ஒன்றுமில்லாதது, கட்டி என்றால் திடமானது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் பரீட்சையில் தேறுகிறவன், புஸ்தகப் புழு, சுயநலக்காரன். இன்னொருவன் படிப்பில் மக்கு, ஆனால் ஆபத்தில் ஓடி வந்து உதவுகிறவன். இதில் யார் டொள்ளு, யார் கட்டி என்று அந்தத் தகப்பனார் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார். சர்க்கார் செலவில் சீமைப் படிப்புப் படித்துவிட்டு வந்தவர் இதை எழுதினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வரதட்சிணையைக் கிண்டல் செய்து, தாலி கட்டுவதற்குக் கூலியா என்ற தலைப்பில் ஒரு நாடகம் எழுதினார். மாப்பிள்ளையின் சீமைப் படிப்புச் செலவை மாமனார் தலையில் கட்டுவது சகஜமாக இருந்த காலம் அது. ஹோம் ரூலு, அம்மாவ்ர கண்ட, பஹிஷ்கார என்று வரிசையாக வந்தன. பாத்திரங்கள் எல்லாம் மைசூர், பெங்களூர் அக்ரஹாரத்து வக்கீல்கள், குமாஸ்தாக்கள், அவர்களுடைய மனைவிமார்கள். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ் கலந்த பேச்சு. நாடகங்களை உட்கார்ந்து எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. வாயால் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் எழுதிக்கொள்வார்கள். தாய்மொழி தமிழாக இருந்த ஒருவர் கன்னடப் பேச்சுமொழியை மேடையில் ஏற்றினார் என்று சொல்லும்போது மைசூர்வாசியான எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் என்னை மாமா என்று கூப்பிடும் ஓர் அங்கத்தினர் கவலையோடு வந்தார். பெண்ணை ஜெர்மனிக்கு என்ஜினியரிங் மேற்படிப்புக்கு அனுப்பியிருக்கிறார். வங்கிக் கடனுக்குத் தன் ஃப்ளாட்டை ஈடு வைத்திருக்கிறார். பெண் இப்போது வேறு துறைக்கு மாறப் போகிறாளாம். அவரிடம் கைலாசம் கதையைச் சொல்லவில்லை, கடன் பத்திரத்தைத்தான் வாங்கிப் பார்த்தேன். படிப்புக் காலத்தில் தவணை இல்லையே தவிர வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சக கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர். கைலாசத்துக்குப் பணம் போட்டது ஒரு சமஸ்தானம், அதற்கு ஒரு பையன் போனால் தாங்கும். இவருக்கு இருப்பது ஒரு ஃப்ளாட். பெண் எந்தத் துறைக்கும் போகட்டும், ஆனால் மாதத் தவணையை எந்தத் தேதியிலிருந்து தான் ஏற்பாள் என்பதை இப்போதே எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள் என்றேன். சொந்தப் பெண்ணிடம் எழுதி வாங்குவதா என்று அவருக்குத் தயக்கம். நான் விடவில்லை.

படிப்பு எதற்கு என்ற கேள்வி கைலாசத்தையும் விடவில்லை என்று தெரிகிறது. ஏகலவ்யனை வைத்து அவர் ஆங்கிலத்தில் ஒரு நாடகம் எழுதினார். அதில் அர்ஜுனன் உலகத்திலேயே சிறந்த வில்லாளி என்ற பெயர் எடுப்பதற்காக வித்தை கேட்கிறான். ஏகலவ்யன் கேட்பது காட்டில் மான்குட்டிகளை ஓநாய்களிடமிருந்து காப்பாற்றுவதற்கு. குருவோ கட்டைவிரலை தட்சிணையாக வாங்கிக்கொள்கிறார். கற்றுக்கொடுக்காத குருவுக்கே இவ்வளவு கடன் என்றால், பணம் கொடுத்து அனுப்பிய சமஸ்தானத்துக்கு எவ்வளவு என்று அவர் நினைத்திருப்பாரோ என்னவோ. கர்ணனைப் பற்றியும் கீசகனைப் பற்றியும் இதேபோல் ஆங்கில நாடகங்கள் செய்தார். கன்னட நாடகங்களில் சிரிக்க வைத்தவர் இவற்றில் சிரிக்கவே இல்லை.

உத்தியோகத்தை விட்டவருக்குப் பணம் சேரவில்லை, வாழ்க்கையில் ஒழுங்கும் இல்லை. சிகரெட் கையை விட்டு நீங்கியதில்லை. ஆனால் 1945இல் கன்னட சாஹித்ய சம்மேளனம் அவரைத் தலைவராக உட்கார வைத்தது. அந்த வருஷம் சம்மேளனம் நடந்த ஊர் சென்னை, அவர் நிலவியல் படித்த அதே ஊர். மறு வருஷம் நவம்பர் 23ஆம் தேதி பெங்களூரில் காலமானார்.

கோலார்த் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியோடு மூடப்பட்டன. கைலாசத்தின் நாடகங்களை மைசூர்ப் பல்கலைக்கழகம் தொகுத்துப் பிரசுரித்திருக்கிறது. கன்னடம் படிக்கத் தெரியாத அங்கத்தினர்கள் ஆங்கில நாடகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏகலவ்யன் நாடகத்தின் பெயர் தி பர்ப்பஸ்.