மாட்டு வண்டியில் வந்த காமிரா

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், குதிரைச் சந்தையைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். குதிரை துள்ளும், தலையை ஆட்டும். ஆனாலும் இன்று கண் மூடித் திறப்பதற்குள் அதைப் படம் பிடித்து விடலாம்.

1858-ம் ஆண்டில் இது நடக்காத காரியம். அந்தக் காலத்துக் காமிராவின் முன்னால் குதிரை துள்ளினால், படத்தில் குதிரை இருக்காது. புகை படிந்த மாதிரி ஏதோ தெரியும். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஒரு காமிராவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்றார் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப்.

பட்டாளத்துக்காரர்

ட்ரைப், 1822-ம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள். அவர் ஒன்பதாவது பிள்ளை. பதினாறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து, சென்னை ராஜதானிக்கு வந்து விட்டார்.

1851-ல் விடுமுறையில் ஊருக்குப் போனார். அப்போது போட்டோ எடுப்பது புத்தம் புதிய வித்தை. அதைக் கற்றுக்கொண்டு 1854-ல் பெங்களூருக்குத் திரும்பினார். பேலூர், ஹளேபீடு கோவில்களைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. பரிசும் கிடைத்தது.

அதே 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பர்மா மன்னரிடம் ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். அதிலே ட்ரைப்பும் போனார். மழையோடு மல்லாடித்தான் அங்கே படம் எடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் இருநூறுக்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார். 1856-ல் சென்னை சர்க்கார் அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது.

மார்கழியில் புறப்பாடு

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து வண்டிகள் கிளம்பின. ராயக்கோட்டை வழியாகச் சேலம் ஜில்லாவில் நுழைந்தார். அந்தியூருக்குக் கிழக்கே போன பாதை அது. பிறகு திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். மொத்தம் நாலரை மாதம்.

மார்கழியில் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. அன்று பிலிம் கிடையாது. காகிதத்தில் மெழுகைத் தடவி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, அதிலேதான் படம் எடுத்தார். சுமார் 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம் என்பதால் பிரயாணத்துக்கு ஏற்றது. ஆனால் வெயில் ஏறினால் மெழுகு இளகும். காகிதத்தில் புள்ளி விழும். மழைக் காலத்து ஈரமும் ஆகாது. பனிக் காலத்து நாட்களை விட்டால் அந்த வருஷம் போனதுதான். வெயிலுக்கு முன்னே ஓட வேண்டிய வேலை!

சென்னைத் தொழிற்கலைப் பள்ளியைச் சேர்ந்த அய்யாசாமி என்ற தமிழர் அவருக்கு உதவியாளராக இருந்தார்.

ஜனங்கள் எங்கே?

ட்ரைப்பின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஜன நெருக்கம் மிகுந்த ஊர்கள், கோவில்கள். ஆனால் பல படங்களில் ஒரு ஈ காக்கை இல்லை! ஊரே காலி செய்து போய் விட்டதா?

இல்லை. காமிராவின் மூடியைத் திறந்தால், படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். நடந்து போனவர், வண்டி ஓட்டியவர், தண்ணீர்க் குடம் சுமந்தவர் எல்லோரும் அதற்குள் கடந்து போய் விடுவார்கள். சுவரும் தூணும்தான் பதியும். அசையாமல் நின்ற ஓரிருவர் மட்டுமே சில படங்களில் தப்பித் தெரிகிறார்கள். மேகமும் சரியாகப் பதியாது. வானம் வெளுத்துப் போகும். அதனால் சில படங்களுக்கு மேகத்தை அவரே கையால் தீட்டினார்.

மதுரையில் அவர் எடுத்த படங்கள் ஏராளம். கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்துப் புதுத் தெருக்களை உண்டாக்கினார். அவர் நினைவாக எழுந்ததே விளக்குத்தூண். அதையும் ட்ரைப் எடுத்தார். வைகையில் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-ல்தான் வந்தது. அதற்கு முன் மக்கள் ஆற்றைக் கடந்த தரைப்பாலம் அவர் படத்தில் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலைப் பின்னால் நேப்பியர் கவர்னர் பழுது பார்த்தார். பழுது பார்ப்பதற்கு முன் அது இடிந்து கிடந்த கோலம் தெரிய வேண்டுமானால் ட்ரைப்பின் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோவிலில் அவர் செய்ததுதான் பெரிய சாதனை. அடித்தளத்துக் கல்வெட்டுகளைக் காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எழுத்து படிக்கத் தெரிந்தவர் தஞ்சைக்கு வராமலே படிக்கலாம் என்பது எண்ணம். கோவிலைக் கட்டியவன் ராஜராஜன் என்று ஹூல்ஷ் என்ற அறிஞர் அந்தக் கல்வெட்டுகளைக் கொண்டு எடுத்துக் காட்டியது, அதற்கு முப்பது வருஷம் கழித்துத்தான்.

சிக்கனம் வந்தது

1857 கலகத்துக்குப் பிறகு சர்க்காரின் கஜானா வற்றியிருந்தது. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். கணக்கில் மகா கண்டிப்பானவர். போட்டோ எடுப்பது ஆடம்பரச் செலவு என்பது அவர் முடிவு. வேலையை நிறுத்தும்படி உத்தரவு போட்டார். கஜானாவின் கவலை நியாயமானதுதான். ஆனால் மிச்சமான பணத்தைவிட, எடுக்காமல் விட்ட படங்களின் மதிப்பு அதிகம்.

ட்ரைப்புக்கு அப்போது வயது 38 கூட நிரம்பவில்லை. இன்னும் எத்தனையோ ஊர்கள் பாக்கி இருந்தன. சாமான்களை ஒப்படைத்து விட்டு, பட்டாள வேலைக்கே போய்ச் சேர்ந்தார். அப்புறம் பெரிய அளவில் காமிராவைத் தொடவில்லை. ஓய்வு பெற்றுப் பிறந்த ஊருக்குத் திரும்பி, 1902-ல் எண்பதாம் வயதில் காலமானார்.

2014-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்துத் தேசியக் கலைக்கூடம் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தது. மதுரையும் தஞ்சாவூரும் அங்கே மாட்டப்பட்டிருந்தன.