கொசுவை ஆராய்ந்த மேதை ரொனால்ட் ராஸ்

ஊசிமுனை போன்ற கொசு மனித குலத்துக்கே பெரும் பகை என்பதை மெய்ப்பித்தவர் டாக்டர் ரொனால்ட் ராஸ். இவர் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் இசையிலும் நாட்டங்கொண்ட இவர், தந்தையின் விருப்பத்திற்கிணங்க மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

பெங்களூரில் இருந்தபோது தம் அறையில் கொசுக்கள் மொய்ப்பதன் காரணத்தைத் தேடினார். சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன.

மலேரியா கெட்ட காற்றால் வருவதென்று பலர் நம்பிய காலம் அது. நோய்க்கிருமி இரத்தத்தில் இருப்பதை 1880இல் லாவெரான் கண்டார். அது இரத்தத்தில் புகும் வழிதான் விளங்கவில்லை. கொசுவின் மீது ஐயங்கொண்ட ராஸ், ஏராளமான கொசுக்களை அறுத்துப் பார்த்துத் தோல்வியே கண்டார். அவை மலேரியாவைப் பரப்பும் இனமல்ல என்பது பின்னரே தெரிந்தது. 1897 ஆகஸ்டு 20இல், செகந்தராபாத்தில், உசேன் கான் என்னும் நோயாளியைக் கடித்த புள்ளிச்சிறகுக் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அந்நோயாளி பெற்ற கூலி ஓரணா! மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளிடம் ஆராய்ந்து, கொசுவின் உமிழ்நீர் வழியே நோய் பரவுவதை நிறுவினார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். 1932 செப்டம்பர் 16இல் மறைந்தார்.

ஆனால் பகை மறையவில்லை. அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் நம் நாட்டுக் கொசு கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகி நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிறது. 2012இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடென்று சான்று பெற்ற இலங்கையில், அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் தலைகாட்டியது. ஒழித்த நோயையும் அயர்ந்தால் மீண்டும் கொண்டு வரக்கூடியது இக்கொசு!

இலத்தூரில் வாழும் நமக்கும் இதில் பாடமுண்டு. கொசு முட்டையிலிருந்து சிறகு முளைக்கச் சுமார் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை குடத்தையும் தொட்டியையும் தேய்த்துக் கழுவுவோம். மேல்தொட்டியை மூடி வைப்போம். கொல்லையில் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும் அகற்றுவோம். அன்று ராஸ் தொட்டியைக் கவிழ்க்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. கவனமுள்ள கண்ணும் சோம்பாத கையும் போதுமாயிருந்தன. அவை நம்மிடமும் உள்ளன அன்றோ!