பொகவந்தலாவையில் துயிலும் புகைப்படக் கலைஞர்: ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தை மனப்பாடம் செய்யாத மாணவி நம் பாடசாலையில் இருந்திருக்க மாட்டாள். 1833, சட்டநிரூபண சபை, இராஜகாரிய ஒழிப்பு என்று வரிசையாக ஒப்புவிப்போம். அந்தக் கமரனின் மனைவி உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் என்பதும், அவர் நமக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியவந்தது வைத்தியராகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான்.

ஜூலியா 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. தாய் பிரெஞ்சு வழி வந்தவர். தம்மைவிட இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் ஹே கமரனை 1838இல் மணந்தார். கமரன் இலங்கையில் நிறையக் காணி வாங்கிக் கோப்பி பயிரிட்டார். கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்னவரின் தோட்டம் போன்ற தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் கடல் கடந்து, காடு வழியே நடந்து வந்தார்கள். பாடப்புத்தகத்தில் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்ததாக நினைவில்லை.

பின்னர் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. வைட் தீவில் குடியிருந்த வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் டிம்போலா; நம் டிம்புலதான் அங்கே அப்படியாயிற்று. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அம்மையாருக்கு அப்போது வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்றதோடு அநாதைப் பிள்ளைகளையும் வளர்த்தவர். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூடு படப்பிடிப்பு அறையாயிற்று. நாற்பது தாண்டினால் இனி என்ன என்று சலித்துக்கொள்ளும் தோழிகளுக்காக இதை அழுத்தி எழுதுகிறேன்.

அக்காலத்துப் படப்பிடிப்பு லேசான வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். குழந்தைகளின் தொப்புள் புண்ணைச் சுட நாங்கள் பாவிக்கும் அதே வெள்ளி நைத்திரேற்றுத்தான். தொட்டால் விரல் கறுக்கும். அவர் கையும் உடுப்பும் எப்போதும் கறைதான். முன்னால் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். டார்வின், டெனிசன், ஹேர்ஷல் எல்லோரும் அப்படி இருந்தார்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியரைத் தேவமாதாவாக இருத்தி எடுத்தார். படங்கள் தெளிவில்லை என்று அக்காலப் படக்காரர் ஏளனம் செய்தனர். அவரோ முகத்தை மிக அருகில் பிடித்து, உள்ளே இருப்பதைத் தேடினார்.

1869இல் இங்கே கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. வருமானம் சுருங்கியது. மகன்மாரும் இலங்கையில் இருந்தார்கள். 1875இல் கணவனும் மனைவியும் கப்பலேறினார்கள், ஒரு பசுமாட்டோடும் இரண்டு சவப்பெட்டிகளோடும். பெட்டிகளுக்குள் கண்ணாடி, பீங்கான் சாமான்கள்! களுத்துறையில் வீடு. வெக்கையில் தகடு சீக்கிரம் காய்ந்துவிடும். சுத்தமான தண்ணீரும் இரசாயனமும் கிடைப்பது கஷ்டம். இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன.

அவற்றில் தோட்டத் தொழிலாளரும் வேலைக்காரரும் கிராமத்தவரும் இருக்கிறார்கள். களுத்துறைக் குடியானவர் சிலரின் படம் ஒன்று 1878இல் எடுக்கப்பட்டது. சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், தகப்பன் என்று சொன்ன கிழவர் தமக்கு நூறு வயது என்றார் என்றும் குறித்திருக்கிறார். பெயர்களைக் குறிக்கவில்லை. இங்கிலாந்துப் பணிப்பெண்ணின் பெயர் நமக்குத் தெரிகிறது. இந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது. அம்மையாரை நான் மெச்சினாலும் இந்த இடத்தில் மனம் ஒட்டவில்லை. ஆனாலும் அவர் எடுத்திராவிட்டால் அந்த முகமும் இல்லை. என் பூட்டிக்கு ஒரு படம்கூட இல்லை.

1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். அடுத்த வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அருகருகே கிடக்கிறார்கள். நூற்றாண்டு விழாவுக்கு ஊர் வரும் சகோதரிகள் ஹட்டனில் இறங்கினால், நோர்வூட் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். குடையை மறக்க வேண்டாம்.